ஓசியில் ஒரு ஜிம்

தெய்வநாயகிக்குக் கோபம் வந்தால் சத்தம் போட மாட்டாள். வாயை மூடிக்கொண்டு எதையாவது தூக்குவாள். பெயிண்ட் வாளியில் சிமெண்டை ஊற்றிக் காய வைத்த எடைகள் அவள் கொட்டகையில் கிடக்கும். அவற்றில் பெரியதை இரண்டு கையாலும் தூக்கி இறக்கி, திரும்பத் தூக்கி, வேர்த்து வழிந்த பிறகுதான் வாயைத் திறப்பாள். அப்போது பேச்சு மெதுவாக வரும். அந்த மெதுவான பேச்சுக்குத்தான் எங்கள் பெண்கள் பயப்படுவார்கள்.

மரக்காணம் உப்பளத்தில் வேலை செய்கிற எங்களுக்கு அவள் வெளி ஆள் இல்லை. அவள் அம்மா என்னோடு கூடை சுமந்தவள். பள்ளிக்கூடம் லீவு விட்டால் இவளும் உப்புப் பாத்தியில்தான் நிற்பாள். கபடி நன்றாக ஆடுகிறாள் என்று ஒரு டீச்சர் பிடித்துக்கொண்டுபோய் விளையாட்டுக் கல்லூரி வரைக்கும் சேர்த்துவிட்டார். படிப்பு முடிந்து ஒரு தனியார் பள்ளியில் பி.டி. டீச்சர் வேலை. பரீட்சை வருகிறது என்று விளையாட்டு வகுப்பை எல்லாம் கணக்கு டீச்சருக்குக் கொடுத்துவிட்டு, இவளைக் கேட்டில் நின்று பிள்ளைகளின் ஷூவையும் தலைமுடியையும் பார்க்கச் சொன்னார்கள். மறுநாளே அந்த வேலை வேண்டாம் என்று வந்துவிட்டாள். அவள் புருஷன் ஜெயசீலன் மீன் வண்டி ஓட்டுகிறவர். வேலையை விட்டது சரி, அந்த சிமெண்டு வாளியை மட்டும் என் கால் மேல் போட்டுவிடாதே என்றார்.

ஊருக்குப் பின்னால் சும்மா கிடந்த தகரக் கொட்டகையில் பெண்களுக்குக் கபடிப் பயிற்சி கொடுக்க ஆரம்பித்தாள். வந்தவர்கள் எல்லாம் உப்பளத்துப் பெண்கள். பிடிக்கிறதும் தப்பிக்கிறதும் அப்புறம், முதலில் உடம்பு வேண்டும் என்பாள். தொடைக்கு ஒன்று, இடுப்புக்கு ஒன்று, மூச்சுக்கு ஒன்று என்று ஆட்ட நுணுக்கத்துக்கு முன்னால் பலத்தைத்தான் கட்டுவாள். கோச்சு என்றால் விசில் ஊதுகிறவர் என்று நினைத்திருந்த எங்களுக்கு இது புதிதாக இருந்தது.

பாண்டிச்சேரியில் சொந்தத் தொழில் செய்கிற பெண்களுக்கு இலவசமாக வகுப்பு நடந்தபோது இவளும் போனாள். ஊறுகாய் போடுகிறவர்கள், துணி தைக்கிறவர்கள், அழகு நிலையம் வைத்திருப்பவர்கள், அவர்களுக்கு நடுவில் ஒரு கபடி கோச். நீங்கள் என்ன விற்கிறீர்கள் என்று வாத்தியார் கேட்டாராம். பலம் விற்கிறேன் என்றாளாம். யாருக்கு என்று கேட்டதற்கு, வாங்கக் காசு இல்லாதவர்களுக்கு என்றாளாம். வகுப்பே சிரித்ததாம். இவளும் சிரித்தாளாம்.

ஆனால் அங்கே சொன்னதை அப்படியே மனதில் ஏற்றிக்கொண்டு வந்தாள். புதிதாக ஒன்று செய்தால் எடுத்த எடுப்பில் பெரிதாகச் செய்யக் கூடாது, சின்னதாகச் செய்து பார்க்க வேண்டும். சரிப்படவில்லை என்றால் வெட்கப்படாமல் தூக்கிப் போட வேண்டும். நம்மிடம் வருகிறவருக்கு என்ன தேவை என்று நாமே முடிவு பண்ணாமல் அவரிடம் கேட்க வேண்டும். இது வியாபாரத்துக்குச் சொன்ன புத்தி. பயிற்சிக்கு மட்டும் ஏன் பொருந்தாது என்று வரும் வழியில் பஸ்ஸிலேயே யோசித்தாளாம்.

முதலில் கேட்டுப் பார்த்தாள். பயிற்சி எப்படி இருக்கிறது என்று ஒவ்வொருத்தியையும் தனியாக உட்கார வைத்துக் கேட்டாள். எல்லாரும் ஒரே பதில்: "நல்லா இருக்குது அக்கா." எது கஷ்டம் என்று கேட்டாள். ஒண்ணும் கஷ்டம் இல்லையாம். முகத்துக்கு நேரே சொல்லக் கூச்சம் போல என்று இரண்டு டப்பா வைத்து, பிடித்திருந்தால் இதில் ஒரு கல், பிடிக்கவில்லை என்றால் அதில் ஒரு கல் என்று வைத்துப் பார்த்தாள். பிடிக்காத டப்பாவில் ஒரு கல்லும் விழவில்லை. அக்கா மனசு சங்கடப்படுமே என்று பெண்கள் வெளியில் பேசிக்கொண்டார்கள். அவள் இரண்டு டப்பாவையும் தூக்கி ஜெயசீலனிடம் கொடுத்துவிட்டாள். அவர் அவற்றில் தூண்டில் முள் போட்டு வைத்துக்கொண்டார்.

அவளுக்கு ஒரு விஷயம் மட்டும் விளங்கவே இல்லை. மழை மாதங்களில் மான் மாதிரி துள்ளுகிற பெண்கள், மாசி பிறந்து உப்பு விளைய ஆரம்பித்ததும் கால் கனத்துப் போகிறார்கள். குதிக்கச் சொன்னால் எழும்புவதில்லை. சோம்பல் என்று நினைத்து எடையைக் கூட்டினாள். பங்குனியில் கலைமதியின் முட்டி வீங்கியது. கலைமதி எங்களோடு சுமக்கிற அஞ்சம்மாளின் மகள். அவள் கபடி பாடிப் போனால் எதிர் ஆட்டக்காரிகள் பின்வாங்குவார்கள், அப்படி ஒரு வேகம். இந்த ஊரில் இருந்து பெரிய ஆட்டத்துக்குப் போகிறவள் என்றால் அவள்தான் என்று எல்லாருக்கும் தெரியும். அவளுக்கும் தெரியும்.

ஒருநாள் விடிந்ததும் தெய்வநாயகி பாத்திக்கு வந்தாள். கேட்டுத் தெரியவில்லை என்றால் அவர்கள் பகலெல்லாம் இருக்கிற இடத்தில் போய் நின்று பார் என்று வகுப்பில் சொன்னார்களாம். பிறந்து வளர்ந்த இடத்தைப் பார்க்க வகுப்புக்குப் போய் வரவேண்டி இருந்தது பார் என்று அஞ்சம்மாள் சிரித்தாள்.

வரப்பில் நின்று பார்த்தாள். ஆண்கள் பலகையால் உப்பை வாரிக் குவிக்கிறார்கள். நாங்கள் கூடையில் அள்ளி, இன்னொருத்தி கைகொடுக்கத் தலைக்கு ஏற்றி, ஈர வரப்பில் கால் வழுக்காமல் ஏறி, மேட்டில் இருக்கிற உப்புக் குவியலில், அம்பாரத்தில், கொட்டிவிட்டு இறங்குகிறோம். திரும்ப ஏறுகிறோம். வெயில் ஏறும் வரைக்கும் இதுதான். கலைமதி ஏறும்போது மட்டும் தெய்வநாயகியின் கண் அவள் முட்டியிலேயே இருந்தது. கொஞ்ச நேரம் கழித்து என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். முகம் செத்துப் போயிருந்தது.

"நான்தான் இவ கால ஒடச்சிக்கினு இருக்கேன் பெரிம்மா," என்றாள்.

சேரும்போது ஒவ்வொரு பெண்ணிடமும் கேட்டிருக்கிறாள், வேறு ஏதாவது உடற்பயிற்சி செய்கிறாயா என்று. ஒருத்தி விடாமல் எல்லாரும், இல்லை என்றிருக்கிறார்கள். பொய் சொல்லவில்லை. உப்பு சுமப்பதை நாங்கள் யாரும் உடற்பயிற்சி என்று நினைத்தது கிடையாது. அது சோறு. பல் விளக்குவது மாதிரி, தண்ணீர் பிடிப்பது மாதிரி, அது கணக்கிலேயே வராது. வெளியூரில் இருந்து ஒரு கோச் வந்திருந்தால் காலையில் என்ன செய்கிறாய் என்று முதலில் கேட்டிருப்பார். இவள் உப்பளத்திலேயே பிறந்தவள். அதனால் கேட்கத் தோன்றவில்லை. காலையெல்லாம் கூடை கூடையாகச் சுமந்த காலில் சாயங்காலம் சிமெண்டு வாளியையும் ஏற்றியிருக்கிறாள்.

அன்று கொட்டகைக்குப் போய் எடைகளை எல்லாம் மூலையில் தள்ளி, மேலே சாக்கைப் போட்டு மூடினாள். உப்பு வாருகிற நாளில் எடை கிடையாது. காலையில் சுமக்கிற கூடைதான் எடை. சாயங்காலம் அந்த உடம்பைத் தளர்த்துகிற வேலை, குதித்துச் சரியாகக் காலை ஊன்றுகிற வேலை, அவ்வளவுதான். பாத்தியிலும் சிலதை மாற்றினாள். இடுப்பை வளைத்துத் தூக்காதே, உட்கார்ந்து எழு என்றாள். ஏறும்போது முன்னால் வைக்கிற காலை மாற்றி மாற்றி வை என்றாள். ஒவ்வொன்றையும் முதலில் ஒருத்திக்கு மட்டும் சொல்லிப் பார்ப்பாள், நன்றாக இருந்தால் மற்றவர்களுக்கு. எங்கள் மாதிரி வயதானவர்களுக்கும் சொல்லிக் கொடுத்தாள். வருஷக்கணக்காக இருந்த என் இடுப்பு வலி குறைந்தது. ஐயனாருக்கு அடுத்தபடியாக அவளுக்குத்தான் கும்பிடு போட்டேன்.

கலைமதியின் முட்டி வீக்கம் வடிந்தது. திண்டிவனத்தில் நடந்த ஆட்டத்தில் எங்கள் பெண்கள் ஜெயித்தார்கள். தலையில் கூடையோடு போகிற பெண்களையும் மைதானத்தில் அதே பெண்கள் பாய்வதையும் யாரோ வீடியோ எடுத்துப் போட, அது நிறையப் பேருக்குப் போனது.

அப்போதுதான் மோகன் வந்தார்.

நாங்கள் வேலை செய்கிற பாத்திகளின் முதலாளி ராஜாங்கம். மோகன் அவருடைய பிள்ளை. சென்னையில் வியாபாரப் படிப்பு படித்துவிட்டு அப்பாவின் தொழிலைப் பார்க்க வந்தவர். சிரித்த முகம். எங்களை எல்லாம் அக்கா, ஆயா என்றுதான் கூப்பிடுவார். இன்றைக்கும் அவரைத் திட்ட வேண்டும் என்றால்கூட எனக்கு மரியாதை விட்டுப் போவதில்லை. கோபப்படக் கூடாது என்று தினமும் விளக்கு ஏற்றும்போது வேண்டிக்கொள்கிறவள் நான். அவர் செய்ததை எழுத உட்கார்ந்தால் அந்த வேண்டுதல் பலிப்பதில்லை.

கொட்டகைக்கு வந்து தரையிலேயே உட்கார்ந்து, எல்லாவற்றையும் எனக்குச் சொல்லிக் கொடுங்கள் மேடம் என்று கேட்டார். இவளும் சொன்னாள். வகுப்பில் கேட்ட அதே வார்த்தைகளைப் பேசுகிற ஒருவர் இந்த ஊரில் கிடைத்தாரே என்று அவளுக்குச் சந்தோஷம். சுமையைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றினால் உடம்பு பலமாகும், ஏற்றிய பிறகு ஓய்வு கொடுக்க வேண்டும், ஓய்வில்தான் பலமே சேர்கிறது என்று விளக்கினாள். அவர் தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டுக்கொண்டார். கேட்டுக்கொண்டு பாதியை மட்டும் எடுத்துக்கொண்டு போனார்.

அடுத்த வாரம் பாத்திக்குப் புதுக் கூடை வந்தது. நீல நிற பிளாஸ்டிக், பழையதைவிட வாய் அகலம், ஆழம். எடை மேடைக்குப் பக்கத்தில் ஒரு போர்டு வைத்தார்கள். யார் எத்தனை நடை சுமந்தார்கள் என்று அதில் பெயர் எழுதுவார்கள், அதிகம் சுமந்தவள் பெயர் மேலே. எல்லாருக்கும் கம்பெனி பெயர் போட்ட பனியன். சீசன் முடிகிறபோது முதலில் இருக்கிற பெண்ணை, தனக்குத் தெரிந்த சென்னை கபடி அகாடமியில் நடக்கிற செலக்‌ஷனுக்குத் தன் செலவில் அனுப்புவேன் என்று மோகன் அறிவித்தார். பெண்கள் கை தட்டினார்கள்.

கூடை பெரிதானால் கூலியும் கூட வேண்டாமா என்று அஞ்சம்மாள்தான் கேட்டாள்.

"அஞ்சம்மாக்கா, டவுன்ல ஜனங்க மாசாமாசம் பணம் கட்டி வெயிட் தூக்கறாங்க. நான் உங்களுக்கு ஓசில ஜிம் குடுக்குறேன்," என்றார் மோகன். சிரித்துக்கொண்டேதான் சொன்னார்.

"அப்ப உங்க அப்பாவையும் வரச் சொல்லு தம்பி. சுகர் ஏறிப் போச்சுன்னு சொல்லிக்கினு இருந்தாரே."

எல்லாரும் சிரித்தோம். அவரும் சிரித்தார். மறுநாள் அஞ்சம்மாளைக் கடைசிப் பாத்திக்கு மாற்றினார்கள். அங்கிருந்துதான் அம்பாரத்துக்கு நடை அதிகம்.

கலைமதியின் பெயர் போர்டில் மேலே ஏறிக்கொண்டே போனது. அம்மா திட்டினால்கூட ஓய மாட்டாள். மற்றவர்கள் தண்ணீர் குடிக்க உட்காரும்போதும் அவள் கூடையோடு போவாள். பாவாடைக்குள் முட்டியைப் பழைய துணியால் இறுக்கிக் கட்டியிருந்தது எங்களுக்குத் தெரியாது. தெய்வநாயகிதான் கண்டுபிடித்தாள். சாயங்காலம் குதிக்கச் சொன்னபோது ஒரு காலில் மட்டும் இறங்குவதைப் பார்த்து, துணியை அவிழ்க்கச் சொன்னாள். முட்டி பன் மாதிரி வீங்கியிருந்தது. இந்தச் சுமை இன்னும் கொஞ்ச நாள் போனால் அகாடமி வாசலில்கூட இவளால் நடக்க முடியாது என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. நாளைக்குச் சுமக்காதே என்றாள். கலைமதி மாட்டேன் என்றாள். இந்த ஊரில் இருந்து என்னை வேறு யார் கூட்டிக்கொண்டு போகப் போகிறார்கள், நீங்களா என்று கேட்டாள். தெய்வநாயகி சாக்கை விலக்கி, பெரிய வாளியை எடுத்து, பெண்கள் எல்லாரும் போன பிறகும் தூக்கிக்கொண்டே இருந்தாளாம்.

அங்கிருந்து நேரே மோகன் வீட்டுக்குப் போனாள். பழைய கூடையைக் கொடுங்கள், போர்டை எடுங்கள் என்று கேட்டிருக்கிறாள்.

"கொஞ்சம் கொஞ்சமா ஏத்தணும்னு நீங்கதானே மேடம் சொன்னீங்க?"

"ரெஸ்ட் குடுக்கணும்னும் சொன்னேன்."

"அது உங்க டிபார்ட்மெண்ட்," என்றாராம் அவர். காபி சாப்பிடுங்கள் என்றாராம். ஜெயசீலன் வாசலில் வண்டியோடு நின்றிருந்தார். அவள் வெளியே வந்த நடையைப் பார்த்தே ஒன்றும் கேட்காமல் வண்டியை எடுத்ததாக என்னிடம் சொன்னார்.

மறுநாள் காலையில் வானம் சரியில்லை. பெருமுக்கல் மலைப் பக்கம் கறுத்துக்கொண்டு வந்தது. கோடை மழை. பாத்தி பாத்தியாக வாரிக் குவித்த உப்பு கிடக்கிறது. மழைக்கு முன்னால் மேட்டில் ஏற்றி ஓலை போட்டு மூடவில்லை என்றால் அவ்வளவும் தண்ணீர். மேஸ்திரி சேட்டு எங்களைத் துரத்திக்கொண்டிருந்தார். மோகனும் வந்துவிட்டார். நீலக் கூடையோடு ஓட்டமும் நடையுமாகப் போய்க்கொண்டிருந்தோம். அப்போது வரப்பில் விசில் சத்தம் கேட்டது.

தெய்வநாயகி நின்றாள். மைதானத்தில் போடுகிற பேண்ட், சட்டை. கழுத்தில் விசில்.

"ரெஸ்ட். எல்லாரும் எறக்குங்க," என்றாள். மெதுவாகத்தான் சொன்னாள்.

கபடிப் பெண்கள் முதலில் இறக்கினார்கள். எங்களுக்குப் பயம். ஒருத்தி முகத்தை ஒருத்தி பார்த்தோம். அஞ்சம்மாள் கடைசிப் பாத்தியில் இருந்து வந்தவள், கூடையை வரப்பில் வைத்துவிட்டு அதன் பக்கத்திலேயே காலை நீட்டி உட்கார்ந்தாள். பிறகு நாங்களும் வைத்தோம். வேலை நடக்கும்போது அந்த வரப்பில் எல்லாரும் ஒரே நேரத்தில் உட்கார்ந்தது எனக்குத் தெரிந்து அதுதான் முதல் தடவை.

கலைமதி மட்டும் நிற்கவில்லை. தலையில் கூடையோடு நேராக வந்தாள். வரப்பில் ஒரு ஆள்தான் போக முடியும். தெய்வநாயகி அவள் எதிரே நின்றாள்.

"நகருக்கா. எல்லாம் உக்காந்துட்டாங்க. இப்ப போனா நான்தான் பர்ஸ்ட்டு."

"எறக்கு."

"உனக்கு இன்னாக்கா? நீ வெளியூரெல்லாம் போயி ஆடிட்டு வந்துட்ட."

தெய்வநாயகி நகரவில்லை. கலைமதியின் கால் நடுங்குவது உட்கார்ந்திருந்த எங்களுக்கே தெரிந்தது. பின்னால் இருந்து அஞ்சம்மாள் எழுந்து வந்து, மகளின் தலையில் இருந்து கூடையை எடுத்துப் பாத்திக்குள்ளேயே கொட்டினாள். அள்ளிய உப்பைத் திரும்பப் பாத்தியில் கொட்டுவதை எங்கள் ஊரில் யாரும் செய்ய மாட்டார்கள். சோற்றை மண்ணில் கொட்டுகிற மாதிரி அது.

மோகன் ஓடி வந்தார். முகத்தில் சிரிப்பு இல்லாமல் அவரை அன்றைக்குத்தான் பார்த்தேன். யார் உள்ளே விட்டது, யாரைக் கேட்டு விசில் ஊதுகிறீர்கள் என்று கத்தினார்.

"ஜிம்முன்னு நீங்கதான் சொன்னீங்க," என்றாள் தெய்வநாயகி. "ஜிம்முன்னா கோச்சு சொல்றதுதான். எவ்ளோ வெயிட்டு, எப்ப ரெஸ்ட்டு, எல்லாம் நான்தான் சொல்லுவேன். ஜிம்மு இல்ல, வேலதான்னா அதையும் இப்பவே சொல்லிடுங்க. பெரிய கூடைக்குப் பெரிய கூலி என்னான்னு இவங்க கேக்கட்டும்."

இடி இடித்தது. மேஸ்திரி சேட்டு வானத்தைப் பார்த்தார், முதலாளி பிள்ளையைப் பார்த்தார். தம்பி, உப்பு போயிடும் என்றார். யாரும் எழுந்திருக்கவில்லை. எனக்கும் எழுந்து சுமக்க வேண்டும் போல இருந்தது, உப்பு கரைவதைப் பார்க்க எங்களால் முடியாது. அஞ்சம்மாள் என் முந்தானையைப் பிடித்துக்கொண்டாள்.

கடைசியில் பழைய கூடை கொண்டு வரச் சொன்னார். உப்பளத்துக் கொட்டாயில் அடுக்கி வைத்திருந்ததைச் சேட்டு எடுத்து வந்தார். நாங்கள் எழுந்தோம். மழை வருவதற்குள் பெரும்பாலும் ஏற்றிவிட்டோம். சில பாத்தி கரைந்தது. தெய்வநாயகி அது முடிகிற வரைக்கும் வரப்பில் நின்று விசில் ஊதி ஊதி எங்களை உட்கார வைத்தாள். மழையில் நனைந்துகொண்டேதான் ஊதினாள்.

நீலக் கூடை திரும்ப வரவில்லை. போர்டும் போனது. அதோடு சென்னைக்கு அனுப்புகிற பேச்சும் போனது. தெய்வநாயகி உப்பளத்துக்குள் காலை வைக்கக் கூடாது என்று உத்தரவு. மோகன் பாண்டிச்சேரியில் ஏதோ ஒரு கூட்டத்தில், உப்பளத் தொழிலாளிகளுக்குப் புது மாதிரியான உடற்பயிற்சித் திட்டம் கொண்டு வந்ததாகப் பேசினாராம். சால்வை போட்டார்களாம். செல்போனில் அந்த போட்டோவை அஞ்சம்மாள் காட்டினாள். சாமி எல்லாரையும் பார்த்துக்கொள்ளும் என்று சொல்லிப் பழகிய வாய் எனக்கு. அன்றைக்கு அது வரவில்லை.

கலைமதி கொட்டகைப் பக்கமே போகவில்லை. தெருவில் தெய்வநாயகி எதிரே வந்தால் முகத்தைத் திருப்பிக்கொண்டு போவாள். திண்டிவனம் டாக்டர் ஸ்கேன் பார்த்துவிட்டு, ஜவ்வு கிழியவில்லை, ஆனால் கிழிய இருந்தது, இந்த சீசன் முழுக்கச் சுமையும் கூடாது ஆட்டமும் கூடாது என்றாராம். அஞ்சம்மாள் அதை ஊர் முழுக்கச் சொன்னாள். மகள் அதற்கும் சேர்த்துக் கோபப்பட்டாள்.

ஆடி மாதம் ஒரு சாயங்காலம் நான் கொட்டகையில் இருந்தேன், இடுப்புக்குச் சொல்லிக் கொடுத்ததைச் செய்துகொண்டு. கலைமதி வந்து வாசலில் நின்றாள். தெய்வநாயகி பார்த்தாள், கூப்பிடவில்லை. அவளே உள்ளே வந்தாள்.

"உன்னாலதான் எனக்கு எல்லாம் போச்சு," என்றாள்.

"ஆமா, என்னாலதான்," என்றாள் தெய்வநாயகி. "உக்காந்து கால நீட்டு."

கலைமதி அப்படியே நின்றாள். பிறகு பாயில் உட்கார்ந்து, முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டு, காலை நீட்டினாள்.